நாலு எக்ஸ் ஒய் நாற்பத்தாறு

என் அக்காவின் கணவரை அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஸ்கேனர்’ என்றால்தான் தெரியும். அவர் அங்கே வாயில் காவலாளி. உள்ளே போகிற எவரையும் தலையிலிருந்து கால்வரை கண்ணால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் விடுவார். சிலிண்டர் கொண்டுவருகிறவர் வருடக்கணக்காக அதே ஆள்தான். அவரிடமும் தினமும் எந்த வீடு, யார் வரச் சொன்னது என்ற கேள்வி உண்டு. ஒரு நாள் அந்த மனிதர் பொறுக்க முடியாமல், "அண்ணே, என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு உத்துப் பாத்ததில்ல" என்றார். அத்தான் சிரிக்கவில்லை. "அதான் உன்னை வீட்டுக்குள்ள விட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

என் அக்கா அந்தக் கண்ணுக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலையில் சந்தேகப்பட்டால் சம்பளம் தருகிறார்கள், வீட்டில் சந்தேகப்பட்டால் யார் தருவார்கள்? அக்கா ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள். கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"ஏன் லேட்டு?"

"பட்டன் வாங்கப் போனேன்."

"எந்தக் கடையில?"

"முக்குக் கடையில."

"முக்குக் கடை இன்னிக்கு லீவாச்சே."

"திறந்திருந்தது."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் முக்குக் கடைக்காரரிடம், நேற்றுக் கடை திறந்திருந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அடித்ததில்லை, குரலை உயர்த்தியதில்லை, வேறு பெண்ணை ஏறிட்டுப் பார்த்ததும் இல்லை. "தப்பா நினைச்சுக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்" என்பார். அது என்ன அப்படியொரு தெரிந்துகொள்ளலோ. பக்கத்தில் இருந்து கேட்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா மட்டும் பதில் சொல்லிக்கொண்டே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவரைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிடிக்கும் என்று சொன்னால் அக்காவுக்குத் துரோகம் செய்த மாதிரி ஆகிவிடும். அதனால் இருபது வருடமாக எதுவும் சொல்லாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அந்தக் குடியிருப்பின் காவல் வேலையைப் புதிய நிறுவனம் ஒன்று எடுத்தது. வந்த சுருக்கில் ஓர் உத்தரவு போட்டது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் மட்டும் வேலையில் தொடரலாம், மற்றவர்களுக்கு வருடக் கடைசிவரை அவகாசம். அத்தான் சின்ன வயதில் பத்தாவதில் எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் கோட்டை விட்டவர். நாற்பத்தேழு வயதில் வேறு எந்த வாயிலில் போய் நிற்பது? அக்காவின் தையலை மட்டும் நம்பிக் குடும்பம் ஓடாது. கணக்குப் பரீட்சை எழுதித் தேறினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்தால் அவர் யாரைச் சோதிப்பார் என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் என் வீட்டு முன்னறையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கையோடு கூட்டிவந்து என் முன்னால் உட்காரவைத்தாள். "வாக்கப்பட்டது நான், பாடம் எடுக்க வேண்டியது நீ. எப்படியாவது கரையேத்தி விடுடி" என்றாள். வேலியில் போன ஓணான் என் மடிக்கு வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

கணக்கில் மற்ற பகுதிகள் ஒருவழியாக நகர்ந்தன. அடுக்கு விதிகளுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. ‘சுருக்குக’ என்று தலைப்புப் போட்டுக் கேட்கிற கணக்குகள் பரீட்சையில் கட்டாயம் வரும். நாலு விதி தெரிந்தால் மதிப்பெண் கையில் வந்து விழும். x³ × x² = x⁵ என்று பலகையில் எழுதி, கீழே நிற்கிற அடிமானம் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தால் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்றேன்.

"நடுவுல பெருக்கல் போட்டிருக்கு. நீ கூட்டறே."

"அதுதான் விதி, அத்தான்."

"யார் போட்ட விதி?"

"யார் போட்டா என்ன?"

"யாருன்னு தெரியாம உள்ள விட முடியாது, டீச்சரம்மா."

x இருக்கிற இடத்தில் இரண்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எட்டு, நான்கு, பெருக்கினால் முப்பத்திரண்டு. பிறகு இரண்டின் ஐந்தாம் அடுக்கை விரல் விட்டு எண்ணினார். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. "சரி, போகட்டும்" என்றார், வாயிலில் ஆளை உள்ளே விடுகிற அதே குரலில். அப்பாடா என்று நான் பலகையை அழிக்கப் போனேன். "இரு. ரெண்டுக்கு ஒத்து வந்தா மூணுக்கும் வரணும்னு என்ன இருக்கு?" என்று மறுபடி உட்கார்ந்தார். அந்தக் கேள்வி ஞாயமானது என்பது எனக்குத் தெரியும். ஞாயம்தான் என்று சொன்னால் நூறுவரை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்பதும் தெரியும். அதனால் மூன்று x-ஐ ஒரு பக்கமும் இரண்டு x-ஐ ஒரு பக்கமும் வரிசையாக எழுதி, நடுவில் பெருக்கல் போட்டு, மொத்தம் எத்தனை x நிற்கிறது என்று எண்ணச் சொன்னேன். ஐந்து. எண்ணிப் பார்த்த பிறகு முகம் தெளிந்தது. ஆளைப் பார்த்தாயிற்று.

அடுக்கு பூஜ்யமானால் விடை ஒன்று என்று சொன்ன அன்று சண்டையே வந்தது.

"ஒண்ணுமில்லன்னு சொல்லு."

"ஒண்ணுமில்ல இல்ல, அத்தான். ஒண்ணு."

"பூஜ்யத்துக்கு எப்படி ஒண்ணு கிடைக்கும்? இதுல ஏதோ கைமாறியிருக்கு."

x³ ÷ x³ என்று எழுதினேன். வகுக்கும்போது அடுக்குகளைக் கழிக்க வேண்டும், மூன்றில் மூன்று போனால் அடுக்கு பூஜ்யம். ஆனால் எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்றுதானே வரும்? அதனால் x⁰ என்றால் ஒன்று. அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த எக்ஸே பூஜ்யமா இருந்தா?"

"அதை விட்டுடுங்க, அத்தான். பூஜ்யத்தால வகுக்க முடியாது. அதுக்கு மட்டும் இந்த விதி கிடையாது."

"பாத்தியா. ஒருத்தனை ஒளிச்சு வெச்சிருக்கே."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் என்னிடம் படிக்க வருகிற ஒரு பிள்ளையும் இதுவரை அந்த ஒருத்தனைக் கேட்டதில்லை, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடும். மைனஸ் அடுக்குக்கு மட்டும் அவர் எந்தத் தகராறும் செய்யவில்லை. "எங்க லிஃப்ட்லயும் மைனஸ் ஒண்ணுன்னா கீழே, வண்டி நிறுத்தற இடம். கோட்டுக்குக் கீழ போகணும், அவ்வளவுதானே?" என்று தானே போட்டுவிட்டார்.

கடைசிவரை அவருக்குப் பிடிபடாமல் போனது ஒரே ஒரு வகைக் கணக்கு. (2x²y³)² என்று கொடுத்து, சுருக்குக என்றால், 2x⁴y⁶ என்று எழுதுவார்.

"ரெண்டை விட்டுட்டீங்க. அடைப்புக்குறிக்கு வெளியில இருக்கற அடுக்கு உள்ள இருக்கற எல்லாருக்கும்தான். 4x⁴y⁶."

"எக்ஸும் ஒய்யும் குடியிருக்கறவங்க. ஒவ்வொருத்தன் தலையிலயும் அடுக்கு இருக்கு. இந்த ரெண்டு வெறுந்தலையோட முன்னாடி நிக்குது. விசிட்டர்."

"விசிட்டரா இருந்தாலும் உள்ளதானே நிக்குது?"

"உள்ள நிக்கறவன் எல்லாம் வீட்டுக்காரன் ஆயிடுவானா?"

எக்ஸுக்கும் ஒய்க்கும் ஒன்றைப் போட்டுச் சோதிக்கச் சொன்னால், தப்பு என்று உடனே ஒப்புக்கொள்வார். அடுத்த தடவை கை தானாக விசிட்டரை வாசலிலேயே நிறுத்திவிடும். பரீட்சைக்கு முந்தின நாள்கூட அதே கணக்கை அதே மாதிரி தப்பாகப் போட்டார். எனக்கு எரிச்சலில் சாக்கட்டி உடைந்துவிட்டது.

அந்த நாட்களில் அவருக்குக் கணக்கைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஒரு சாம்பல் நிறக் கார். குடியிருப்பு வாயில்வரை வருமாம், நிற்குமாம், யாரையும் கேட்காமல் பின்னால் போய்த் திரும்பி ஓடிவிடுமாம். அவருடைய முறையில்தான் வரும், அடுத்த முறைக்காரர் கண்ணில் பட்டதே இல்லை. எண்ணைப் பார்ப்பதற்குள் தெருவைத் தாண்டிவிடும். "வேவு பாக்கறான். கண்டிப்பா வேவுதான்" என்று பாடத்துக்கு நடுவில் சொல்லிக்கொண்டே இருப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பரீட்சையன்று அக்கா கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு பள்ளிவரை நடந்து போனாள். நடுவழியில், மருந்துக்கடை முன்னால், அந்த சாம்பல் நிறக் கார் ஆளில்லாமல் நின்றிருந்தது. அத்தான் பேனாவை எடுத்தார். காவலாளிகளுக்கு அவசரத்துக்கு உள்ளங்கைதான் தாள். இடது கையில் பெரிய எழுத்தாக, முன்னால் வரும் TN-ஐயும் பூஜ்யங்களையும் விட்டுவிட்டு, 4XY46 என்று எழுதிக்கொண்டார்.

"பரீட்சைக்குப் போற நேரத்துல இது தேவையாங்க?" என்றாள் அக்கா.

"இப்ப விட்டா அப்புறம் சிக்காது."

பள்ளி வாசலில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்கள். கையை யாரும் பார்க்கவில்லை. அவர் அந்த வாசலில் நின்றிருந்தால் கையைத்தான் முதலில் பார்த்திருப்பார்.

அறைக்குள் நடந்ததை அவரே பிறகு சொன்னார். ஒரு கேள்வியில் மூன்று என்ற எண் மங்கலாக அச்சாகியிருந்தது. அது y-க்கு மேலே அடுக்காக நிற்கிறதா, பக்கத்தில் சும்மா நிற்கிறதா என்று தெரியவில்லை. மேலே நின்றால் ஒரு விடை, பக்கத்தில் நின்றால் வேறு விடை. வேறொருவராயிருந்தால் குத்துமதிப்பாக எழுதிவிட்டுப் போயிருப்பார். இவர் விடுவாரா? வலது கையில் பேனா இருந்ததால் இடது கையை உயரத் தூக்கி, "சார், ஒரு சந்தேகம்" என்றார். அந்த நேரம் பார்த்துப் பறக்கும் படை அதிகாரி உள்ளே நுழைந்தார். ஒரு சந்தேகம் கேட்கத் தூக்கிய கையால் முழுச் சந்தேகத்தையும் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டார் மனிதர்.

"கையில என்ன?"

"வண்டி நம்பருங்க."

"யார் வண்டி?"

"அது தெரிஞ்சா நான் ஏன் எழுதறேன்?"

அதிகாரி பாழாய்ப்போன கணக்கு வாத்தியார். வினாத்தாளைப் புரட்டினார். (2x²y³)², சுருக்குக என்ற கேள்வியில் அவர் விரல் நின்றது. விடை 4x⁴y⁶. கையில் 4XY46. "எழுத்து ரெண்டையும் சேத்து ஒரு பக்கம், அடுக்கு ரெண்டையும் சேத்து ஒரு பக்கம். சுருக்குகன்னு கேட்டா கையிலயே சுருக்கிக் கொண்டுவந்திருக்கீங்க. வயசுக்கேத்த மூளை" என்றார்.

அத்தான் கெஞ்சிக் கூத்தாடி, குடியிருப்பு வாயிலுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கச் சொன்னார். சாம்பல் காரைப் பற்றி அங்கே எல்லோரிடமும் புலம்பியிருக்கிறாரே, அதையாவது சொல்வார்கள் என்று நம்பினார். அப்போது வாயிலில் இருந்தவர் அத்தானிடம் தொழில் கற்ற ஒரு காவலாளி, நெட்டையன் என்று கூப்பிடுவார்கள். அதிகாரி விவரம் சொல்லிக் கேட்டார்.

"போன்ல எந்த வண்டியைப் பத்தியும் பேச மாட்டேங்க. ஸ்கேனர் உத்தரவு" என்றார் நெட்டையன்.

அத்தான் போனை வாங்கினார். "யோவ், நான்தான்யா ஸ்கேனர் பேசறேன்."

"என் குரல்ல யார் வேணா பேசுவான், நம்பாதேன்னு சொன்னதே அவர்தாங்க" என்று சொல்லிவிட்டு நெட்டையன் போனை வைத்துவிட்டார்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தார்கள். விடைத்தாளை வாங்கி உறையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் என்று முடிவானால் இரண்டு வருடத்துக்குப் பரீட்சை எழுத முடியாது. வண்டி யாருடையது என்று பதிவு அலுவலகத்தில் கேட்டால் பதில் வர ஒரு மாதம் ஆகுமாம். வருடக் கடைசி அதற்குள் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமைவரை அத்தான் இடது கையைக் கழுவவில்லை. சாட்சியை அழிக்கக் கூடாது என்று, குளிக்கும்போது கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் போனபோது கையை விரித்துக் காட்டினார். மங்கிப்போன 4, X, Y, 4, 6. ஊரில் எத்தனையோ கணக்கு இருக்க, அவருக்கு வரவே வராத அந்த ஒரு கணக்கின் விடையா கையில் வந்து உட்காரும்? அதுவும் முன்னால் நிற்பது இரண்டு இல்லை, சரியான நான்கு. நான் திட்டிய திட்டில் மனிதர் பயந்துபோய் எழுதிக்கொண்டு போயிருந்தால்? அக்கா தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாள். புருஷனைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறாளோ? இப்படியெல்லாம் யோசித்தேன். அவரிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்டதோ என்னவோ, அன்று முழுவதும் அவர் முகத்தை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை கல்வி அலுவலகத்தில் ஒரு நீளமான அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவி, ஓய்வுபெறும் வயதை ஒட்டிய அம்மாள். முத்திரை வைத்த உறை அவர் முன்னால் இருந்தது. ஓரத்தில் பறக்கும் படை அதிகாரி. இந்தப் பக்கம் நாங்கள் மூவரும். பாடம் சொல்லிக்கொடுத்தவள் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் முதலில் பேசினேன். "அம்மா, அடுக்குன்னா சின்னதா மேல தூக்கி எழுதணும். அவர் கையில எல்லாம் ஒரே வரிசையில, ஒரே அளவுல இருக்கு. நம்பர் பிளேட்டுல இருக்கற மாதிரி. மாசக்கணக்கா அடுக்கைத் தூக்கி எழுதிப் பழகினவர் கையில மட்டும் ஏன் இறக்கி எழுதணும்?"

"மாட்டிக்கக் கூடாதுன்னுதான்" என்றார் அதிகாரி.

தலைவி என்னைப் பார்த்தார். "இந்த மாதிரிக் கணக்கு அவருக்குச் சரியா வருமா?"

பாம்பென்று அடிக்கவும் முடியாமல், பழுதென்று தாண்டவும் முடியாமல் நின்றேன். வரும் என்றால் பொய். என் தொழிலில் நான் பொய் சொன்னதில்லை. "வராதும்மா. எப்பவும் முன்னாடி இருக்கற ரெண்டை விட்டுடுவார்" என்றேன்.

"பாத்தீங்களா? வராத கணக்கைத்தானே கையில எழுதுவாங்க" என்றார் அதிகாரி.

உறையைப் பிரித்து விடைத்தாளைப் பாருங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே நான்கு என்று சரியாக எழுதியிருந்தால்? அதோடு கதை முடிந்தது. வாயை மூடிக்கொண்டேன். அத்தானும் பிரிக்கச் சொல்லவில்லை. அவர் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார், அந்த நம்பிக்கையே அன்று அவர் கழுத்துக்குக் கத்தியாகிவிட்டது.

தலைவி அக்காவிடம் கேட்டார். மருந்துக்கடை முன்னால் நின்ற காரைப் பார்த்து எழுதினார், பக்கத்தில் நின்று பார்த்தேன் என்றாள் அக்கா.

அதிகாரி லேசாகச் சிரித்தார். "பொண்டாட்டி வேற எப்படிம்மா சொல்வாங்க?"

அக்கா எழுந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

"இவருக்காகப் பொய் சொல்ற பொண்டாட்டியா நானு? இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுய்யா. பட்டன் வாங்கப் போனேன்னு சொன்னா, கடைக்காரன்கிட்ட போய் விசாரிப்பாரு. ஆஸ்பத்திரிக்குப் போனேன்னா, சீட்டைக் காட்டும்பாரு. எங்கம்மா செத்த அன்னிக்கு ராத்திரி நான் அங்கயே தங்கினேன். மறுநாள் இதோ இவகிட்ட, உங்கக்கா ராத்திரி பூரா இங்கதான் இருந்தாளான்னு கேட்டாரு. நான் சொன்ன ஒரு வார்த்தையை இந்த மனுஷன் விசாரிக்காம நம்பினதில்ல. இவருக்காகப் பொய் சொல்ல எனக்கென்ன தலையெழுத்து? கண்ணால பாத்தேன், சொல்றேன். நம்பினா நம்புங்க. நம்பாட்டி எனக்கு ஒண்ணும் புதுசில்ல."

உட்கார்ந்துவிட்டாள். அம்மா இறந்த மறுநாள் அத்தான் என்னிடம் அப்படிக் கேட்டது உண்மைதான். அக்காவிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. அத்தான் தலையைக் குனிந்து, விரித்து வைத்திருந்த இடது கையை மெல்ல மூடிக்கொண்டார்.

தலைவி அக்காவைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த உறையைப் பிரிங்க" என்றார்.

தாளைப் புரட்டினார்கள். நான் சாமியெல்லாம் கும்பிட்டேன். அதிகாரி விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். தலைவி தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார்.

"ரெண்டு எக்ஸ் அடுக்கு நாலு, ஒய் அடுக்கு ஆறு." நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார். "கையில நாலு இருக்கு, தாள்ல ரெண்டு இருக்கு. விடையைக் கையில வெச்சுக்கிட்டு எவனாவது தப்பா எழுதுவானா?"

"வண்டி நம்பராத்தான் இருக்கும் போல" என்றார் அதிகாரி, தாளைப் பார்த்தபடியே.

விசிட்டரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார் மகானுபாவர். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அவரைச் சந்தேகப்பட்டதற்கு என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாளைத் திருத்த அனுப்பினார்கள், தட்டுத்தடுமாறித் தேறிவிட்டார், வேலை நிலைத்தது. சாம்பல் நிறக் கார்க்காரர் வேவுகாரர் இல்லை, தினமும் ஒரே நேரத்தில் வந்து புதிதாக வண்டி ஓட்டப் பழகுகிறவர். அந்தத் தெருவில் பின்னால் எடுத்துத் திருப்ப அகலமான இடம் குடியிருப்பு வாயில் ஒன்றுதானாம். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது இவை எதுவும் இல்லை. விசாரணை முடிந்து நாங்கள் மூவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான்.

நான் ஏதாவது பேசலாமென்று, "இனிமேலாவது அந்த ரெண்டை உள்ள விடுங்க, அத்தான்" என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அக்கா பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு உங்கம்மா வீட்டுல நான் கேட்டது உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து ரூம்லதான் இருந்தேன்."

அவர் முகம் சுருங்கிப்போனது.

"இவ்வளவு மனசுல வெச்சிருக்கியே. இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, எனக்குக் கஷ்டமா இருக்குன்னு?"

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

பேருந்து வந்தது, ஏறினோம்.